வேதாளம் கேட்ட வினா

திருவண்ணாமலை கதைகள் வாழும் ஊர். அங்கு ஓங்கி நிற்கும் மலைக்கே ஒரு கதை உண்டு. பிரமனும் திருமாலும் தம்முள் பெரியவர் யார் என்று வாதிட்டபோது, அடியும் முடியும் காணவியலாத தீப்பிழம்பு ஒன்று அவர்கள்முன் தோன்றிற்று என்றும், அதுவே பின்னர் மலையாயிற்று என்றும் பழங்கதை கூறும். திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்து அடியைத் தேடினார். பிரமன் அன்னமாகி வானிற் பறந்து முடியைத் தேடினார். திருமால் தம்மால் இயலவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரமனோ தாழம்பூவைப் பொய்ச்சான்றாக்கி, முடியைக் கண்டதாக உரைத்துப் பழி பூண்டார்.

இக்கதையைக் கேட்கும் சிறுவர் முதலில் வியப்பது பன்றியையும் அன்னத்தையுமே. கதை முடிந்தபின் அவர்கள் உள்ளத்தில் நிற்பதோ வேறொன்று. தோல்வியை ஒப்புக்கொண்டவர் உயர்ந்தார். வெற்றி பெற்றதாகப் பொய் கூறியவர் தாழ்ந்தார். வியப்பு கேட்போரைக் கதைக்குள் அழைத்துச் செல்கின்றது. உள்ளே சென்றபின் நீதி அவர்களை எதிர்கொள்கின்றது. நல்ல மாயக்கதைகளின் இயல்பு இதுவே.

மாயக்கதைகள் பொய்யானவை என்றும், அவற்றைப் படிப்பது காலத்தை வீணாக்குவது என்றும் கருதுவோர் உளர். பேசும் பிணமும் பறக்கும் குதிரையும் உலகில் இல்லை என்பது உண்மையே. அதனைப் படிக்கும் சிறுவனும் அறிவான், அறிந்தே மகிழ்கின்றான். அம்மகிழ்ச்சியால் விளையும் பயன் யாது? தமிழ்ச் சிறுவர் பல தலைமுறையாகப் படித்து இன்புற்ற ஒரு கதைத்தொடரைக் கொண்டு இதனை ஆராயலாம்.

நாகி ரெட்டி, சக்கரபாணி என்னும் இருவர் 1947 சூலைத் திங்களில் சென்னையில் சிறுவர் மாத இதழ் ஒன்றைத் தொடங்கினர். அது தெலுங்கில் ‘சந்தமாமா’ என்றும், தமிழில் ‘அம்புலிமாமா’ என்றும் வெளிவந்தது. பின்னர் இந்திய மொழிகள் பலவற்றிலும் பரவியது. அவ்விதழில் மாதந்தோறும் இடம்பெற்ற விக்கிரமன் வேதாளக் கதை பெரும்புகழ் பெற்றது. சங்கர் என்று அறியப்பட்ட ஓவியர் க. சி. சிவசங்கரன் (1924–2020) அதற்குப் படம் வரைந்தார். ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக இருளில் நடக்கும் அரசனின் அவ்வுருவம் படித்தோர் நெஞ்சை விட்டு அகலாதது.

வேதாளக் கதைகளின் வேர் மிகப் பழமையானது. 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய ‘கதாசரித்சாகரம்’ என்னும் நூலில் அவை இடம்பெற்றுள்ளன. துறவி ஒருவனுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க, அரசன் சுடுகாட்டு மரத்திலிருந்து பிணத்தை இறக்கிச் சுமந்து செல்கின்றான். பிணத்தினுள் இருக்கும் வேதாளம் வழியில் ஒரு கதை கூறி, இறுதியில் ஒரு வினா எழுப்புகின்றது. விடை தெரிந்தும் பேசாதிருந்தால் அரசனின் தலை வெடித்துச் சிதறும். விடை கூறினாலோ மௌனம் கலையும். வேதாளம் மீண்டும் மரத்திற்குச் சென்றுவிடும்.

அக்கதைகளுள் ஒன்று வருமாறு: அரிய வித்தைகளைக் கற்ற உடன்பிறந்தார் நால்வர் காட்டில் ஓர் எலும்பைக் கண்டனர். ஒருவன் அதன்மேல் தசையை வளர்த்தான். மற்றொருவன் தோலும் உரோமமும் உண்டாக்கினான். மூன்றாமவன் எஞ்சிய உறுப்புகளை அமைத்தான். அங்கே ஒரு சிங்கத்தின் உடல் உருவாயிற்று. நான்காமவன் அதற்கு உயிர் கொடுத்தான். எழுந்த சிங்கம் நால்வரையும் கொன்றது. “இவர்களுள் பெருங்குற்றவாளி யார்?” என்று வேதாளம் வினவியது.

இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் எண்ணிப் பார்க்கும் மாணவனே கதையின் முழு இன்பத்தையும் நுகர்கின்றான். நால்வரும் குற்றவாளிகளே என்பான் ஒருவன்; தொடங்கிவைத்த முதல்வனே என்பான் அவன் தோழன். அரசன் கூறிய தீர்ப்பு வேறு. முதல் மூவரும் எவ்விலங்கு உருவாகின்றது என்பதை அறியாமல் செய்தனர். நான்காமவனோ அது சிங்கம் என்று கண்டபின்னும், தன் திறமையைக் காட்டும் ஆசையால் உயிர் கொடுத்தான். ஆதலின் அவனே பெருங்குற்றவாளி. அறிவியல் ஆற்றல் வளர்ந்துள்ள இக்காலத்தில் அத்தீர்ப்பின் பொருள் மேலும் ஆழமாகின்றது. செய்ய முடியும் என்பதனாலேயே ஒன்றைச் செய்துவிடலாகாது என்னும் பேருண்மையை, நடவாத ஒரு நிகழ்ச்சி எளிதில் உணர்த்திவிடுகின்றது.

மூலநூலின் வேதாளக் கதைகள் 25 மட்டுமே. அம்புலிமாமா அவ்வெல்லையைக் கடந்து, பல ஆண்டுகள் புதிய புதிய கதைகளை வேதாளத்தின் வாயில் வைத்தது. தொடக்கமும் முடிவும் மாதந்தோறும் ஒன்றாயிருந்தும் படிப்போர் சலிப்படையவில்லை. முழுநிலா நாள்தோறும் மக்கள் 14 கிலோமீட்டர் நடந்து அண்ணாமலையை வலம் வருகின்றனர். பாதை ஒன்றே, எனினும் மலை ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு வடிவு காட்டுகின்றது. தெரிந்த பாதையில் புதிய காட்சியைக் காணும் அத்தகைய இன்பமே தொடர்கதையின் இன்பமுமாகும்.

காத்திருத்தலும் அவ்வின்பத்தின் ஒரு பகுதியே. தாசரி சுப்பிரமணியம் (1932–2010) தெலுங்கில் எழுதிய மாயத் தொடர்கதைகளும் அவ்விதழில் வெளிவந்தன. அவற்றுள் முதலாவது 1954இல் தொடங்கியது. வீரன் இடருற்ற இடத்தில் ஒரு மாதப் பகுதி முடிந்தால், அடுத்த இதழ் வரும்வரை அவன் எவ்வாறு தப்புவான் என்று சிறுவர் தாமே கற்பனை செய்தனர். எழுத்தாளர் ஒரு வழியை எழுத, படிப்போர் உள்ளத்தில் பல வழிகள் பிறந்தன.

இவ்வின்பம் ஒரு நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் ஜே. கே. ரௌலிங் எழுதிய ‘ஹாரி பாட்டர்’ நெடுங்கதை, 1997 முதல் 2007 வரை 7 நூல்களாக வெளிவந்தது. அங்கும் சிறுவர் அடுத்த நூலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அக்கதையிலும் மந்திரக்கோலின் ஆற்றலினும் அதனை ஏந்துவோரின் நட்பும் துணிவும் நேர்மையுமே முதன்மை பெறுகின்றன.

அம்புலிமாமா இதழ் இப்போது வெளிவருவதில்லை. ஆயினும் அதன் பழைய இதழ்களைத் தேடிப் படித்து மகிழ்வோர் இன்றும் உளர். வேதாளம் கேட்கும் வினாக்களுக்கு முதுமை இல்லை அன்றோ?

சோமதேவர் கூறும் கதைத்தொடரின் இறுதியில் வேதாளம் ஒரு வினாவைக் கேட்க, அரசனுக்கு விடை தோன்றவில்லை. அவன் ஏதேனும் ஒன்றைச் சொல்லித் தன் அறிவைக் காட்ட முற்படாமல் மௌனமாக நடந்தான். அது கண்டு மகிழ்ந்த வேதாளம், துறவியின் சூழ்ச்சியை அவனுக்கு வெளிப்படுத்தி அவன் உயிரைக் காத்தது. அறிந்ததை அஞ்சாது உரைப்பதும், அறியாதபோது அடக்கத்துடன் அமைவதும் அறிவுடையோர் இயல்பு. மாயக்கதைகளை இன்பத்திற்காகவே படிக்கும் மாணவர், இத்தகைய அறிவையும் தம்மையறியாமலே பெறுவர்.