பூட்டற்ற கணக்கேடு

ஒரு நாட்டில் மக்கள் எத்தனை பேர், ஒரு காட்டில் வேங்கைகள் எத்தனை, இவ்வாண்டு பெய்த மழை முந்திய ஆண்டினும் மிகுதியோ குறைவோ என்பன போன்ற வினாக்களுக்கு விடை காணும் துறையைப் புள்ளியியல் என்பர். கண்முன் நிற்பவற்றை எண்ணுதல் யாவர்க்கும் எளிது. எல்லாவற்றையும் எண்ண இயலாவிடத்து, எண்ணிய சிலவற்றைக் கொண்டு எண்ணாத பலவற்றை மதிப்பிடுதலும், அம்மதிப்பில் எத்துணைப் பிழை இருத்தல் கூடும் என்பதை உடன் உரைத்தலுமே இத்துறையின் உயிர்நிலையாம். இக்காலத்து இப்பணி பெரும்பாலும் கணிப்பொறியின் வாயிலாகவே நடைபெறுகின்றது. அப்பொறியினுள் கணக்கு நடக்கும் வழியை விரும்பினோர் எவரும் காண இடமுண்டோ என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருள். அதனை நமக்கு அணித்தாகிய ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டைச் சான்றாகக் கொண்டு விளக்க முயல்வாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்திற்கும் மேற்கே உயர்ந்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவு, 1988ஆம் ஆண்டில் சாம்பல்நிற அணில்களின் சரணாலயமாக வகுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதனையும் மேகமலைச் சரணாலயத்தையும் ஒன்றுசேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடைய புலிகள் காப்பகம் ஒன்று அமைக்கப்பட்டது. அஃது இந்தியாவில் 51ஆவதும் தமிழ்நாட்டில் 5ஆவதும் ஆகும். புலியோ தனித்து வாழ்வது. பெரிதும் இருளில் இயங்குவது. மனிதரைக் கண்டால் மறைவது. அதனை எண்ணுதல் எங்ஙனம்? இவ்வினா பொழுதுபோக்கிற்கு எழுந்ததன்று. காட்டின் காவல் போதுமா என்பதும், அக்காவலின் பொருட்டு மலையடிவாரத்து மக்கள் மேய்ச்சலையும் விறகையும் எத்துணை விட்டுக்கொடுத்தல் தகும் என்பதும் இத்தகைய எண்களைக் கொண்டே வழக்காடப்படுவன.

முற்காலத்தில் புலியின் காலடிச் சுவட்டைக் கொண்டு எண்ணினர். ஒவ்வொரு சுவடும் இன்ன புலியினது என்று வனக்காவலர் தம் பயிற்சியால் துணிந்து எழுதுவர். அத்துணிவு சரியா என்று மற்றொருவர் சோதித்தற்கு வழியில்லை. இதன் தீங்கு இராஜஸ்தானத்துச் சரிஸ்கா காப்பகத்தில் வெளிப்பட்டது. 2004ஆம் ஆண்டுவரை அங்கே புலிகள் உள்ளன என்றே கணக்குக் கூறிற்று. 2005ஆம் ஆண்டில் தேடியபொழுது ஒன்றேனும் இல்லை. ஏட்டில் வாழ்ந்த புலிகள் காட்டில் என்றோ மடிந்தொழிந்தன. அதன் பின்னரே அரசாங்கத்தார் வேறு முறையை மேற்கொண்டனர்.

அம்முறையின் அடிப்படையை ஒரு கண்மாயைக் கொண்டு உணரலாம். கண்மாயில் வலைவீசி 40 மீன்களைப் பிடித்து, செதிளில் குறியிட்டு, மீண்டும் நீரில் விடுகின்றோம் என்க. சின்னாட் கழித்து மறுபடியும் வலைவீச, 50 மீன்கள் அகப்படுகின்றன. அவற்றுள் 10 மீன்களில் நம் குறி காணப்படுகின்றது. பிடிபட்டவற்றுள் ஐந்தில் ஒரு பங்கு குறியுடையன. ஆகவே, கண்மாய் முழுவதிலும் ஐந்தில் ஒரு பங்கே குறியுடையன என்று கருதுதல் பொருந்தும். குறியிட்டவை 40 ஆதலின், மீன்களின் மொத்தம் ஏறக்குறைய 200 எனத் துணியலாம். ஆயின், இத்துணிபு சில நிபந்தனைகளை வேண்டி நிற்பது. இடைக்காலத்தில் மீன்கள் பெருகவோ, மடியவோ, மறுகால் வழியே வெளியேறவோ கூடாது. இட்ட குறி அழிதல் கூடாது. குறிபெற்ற மீன் மற்றவற்றினும் எளிதாகவோ அரிதாகவோ அகப்படுதலும் கூடாது.

புலிக்கு நாம் குறியிட வேண்டுவதில்லை. மனிதர் கைரேகையைப் போல ஒவ்வொரு புலியின் வரியும் வேறுபட்டது. ஒரே புலியின் வலப்புற வரியும் இடப்புற வரியும்கூட ஒவ்வா. ஆதலின், காட்டுவழியின் இருமருங்கும் இணை இணையாகத் தானியங்கிக் கேமராக்களை அமைப்பர். முதற்படம் குறியிடுதலை ஒக்கும். அதே புலியின் அடுத்த படம் மீண்டும் வலையில் அகப்படுதலை ஒக்கும். நாகரஹொளெக் காட்டில் இம்முறையைக் கையாண்டு, உல்லாஸ் காரந்த் என்னும் இந்திய அறிஞர் 1995ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார்.

நிற்க. கண்மாய்க்குக் கரை உண்டு. காட்டிற்குக் கரை ஏது? ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் படம்பிடிக்கப்பட்ட புலி, எல்லை கடந்து கேரளத்துப் பெரியாறுக் காட்டில் பாதிநாள் வாழ்தல் கூடும். கேமராவின் அருகே உலவும் புலி பலகாலும் அகப்படும். தொலைவில் உலவுவது அரிதாகவே அகப்படும். எனவே, எந்தப் புலி எந்த இடத்தில் எத்தனை முறை அகப்பட்டது என்பதையும் கணக்கினுள் சேர்த்தல் வேண்டும். இதற்குரிய இடஞ்சார்ந்த முறையை நியூசிலாந்து அறிஞர் மர்ரே எஃபோர்டு 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்தியக் களப்பணியாளர் எளிதிற் கையாளும் வண்ணம், அர்ஜுன் கோபாலசுவாமி, ஆண்ட்ரூ ராயில், காரந்த் முதலியோர் 2012ஆம் ஆண்டில் ‘ஸ்பேஸ்கேப்’ என்னும் மென்பொருளை அளித்தனர். அதனுள் நிகழும் கணக்கு பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப நடப்பது. தாளும் எழுதுகோலும் கொண்டு ஒருவர் தம் வாழ்நாளில் முடித்தற்கு இயலாதது. இந்திய அரசாங்கத்தின் 2018ஆம் ஆண்டுப் புலிக்கணக்கிலும் இடஞ்சார்ந்த முறையே கையாளப்பட்டது. 2022ஆம் ஆண்டுக் கணக்கு, நாட்டிலுள்ள புலிகளின் சராசரி மதிப்பு 3,682 என்றும் மேலெல்லை 3,925 என்றும் கூறுகின்றது. ஓர் எண்ணோடு அமையாது எல்லையும் உடன் கூறியது நோக்கத்தக்கது.

இங்கே ஓர் ஐயம் எழும். கணக்கைப் பொறியிடம் ஒப்புவித்துவிட்டால், சுவட்டைக் கண்டு துணிந்த காவலர்சொல்லை நம்பியதற்கும், பொறி கூறிய எண்ணை நம்புவதற்கும் என்ன வேற்றுமை? வேற்றுமை, பொறியினுள் இருக்கும் நிரலை நாம் படிக்கக்கூடுமா என்பதைப் பொறுத்தது. எஃபோர்டு எழுதிய பொதியும், ஸ்பேஸ்கேப்பும் ‘ஆர்’ என்னும் கணிமொழியில் அமைந்தவை. அம்மொழியின் வரலாறு அறியத்தக்கது.

அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸ் முதலியோர் 1976ஆம் ஆண்டில் ‘எஸ்’ என்னும் புள்ளியியல் மொழியைத் தொடங்கினர். அதனை ஒட்டி, நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் மாணவர்க்குப் பயன்படுமாறு ஒரு மொழியைச் சமைத்தனர். இருவர் பெயரின் முதலெழுத்தே அதற்குப் பெயராயிற்று. 1993ஆம் ஆண்டில் அதனை உலகிற்கு அறிவித்தனர். சுவிட்சர்லாந்திலிருந்த மார்ட்டின் மேக்லர் வற்புறுத்தவே, 1995ஆம் ஆண்டில் ‘க்னூ’ பொது உரிமத்தின்கீழ் மூலநிரலோடு யாவர்க்கும் விடுத்தனர். 1997ஆம் ஆண்டில் பல நாட்டு அறிஞர் சேர்ந்த குழு அதன் பொறுப்பை ஏற்றது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. இன்று இருபதினாயிரத்திற்கு மேற்பட்ட பொதிகள் அதன் பொதுக் களஞ்சியத்தில் உள்ளன.

மேற்கூறிய உரிமம் யாதெனின், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989ஆம் ஆண்டில் வகுத்தது. எந்நோக்கத்திற்கும் இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், படி எடுத்துப் பிறர்க்கு அளிக்கலாம், திருத்தியதையும் வெளியிடலாம், ஆயின், திருத்தியதை வெளியிடுவோர் அதன் மூலத்தையும் அவ்வாறே திறந்து வைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். விலையின்மை இதன் ஒரு பயன் மட்டுமே. தறி நெய்வார் வீட்டுப் பிள்ளையும் நூற்பாலைத் தொழிலாளி மகளும் பெரும் பல்கலைக்கழகத்தார் கையாளும் அதே கருவியைப் பொருட்செலவின்றிப் பெறுதல் பெரும்பேறே. எனினும், அதனினும் பெரிது, பெற்ற கருவியைத் திறந்து பார்க்கும் உரிமையாம்.

தமிழ் பயில்வார்க்கு இது புதுமையன்று. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் அச்சேற்றினார்கள். பல ஏடுகளை ஒப்புநோக்கித் தாம் கொண்ட பாடத்தை அச்சிட்டதோடு நில்லாது, வேறுபட்ட பாடங்களையும் அடிக்குறிப்பிற் காட்டினார்கள். ஐயரவர்கள் கொண்ட பாடம் பொருந்தாதெனக் கருதும் மாணவன், அவர்கள் தந்த சான்றைக் கொண்டே அவர்களோடு மாறுபடலாம். ஏட்டைப் பேழையில் வைத்துப் பூட்டி, ‘பாடம் இதுவே’ என்று உரைப்பானிடத்து அவ்வாறு மாறுபட வழியில்லை. மூலநிரலை மறைத்து விடையை மட்டும் நீட்டும் மென்பொருள் அப்பேழையை ஒக்கும். ஆர் மொழியிலோ, பெரும்பாலான கட்டளைகளின் பெயரை மட்டும், அடைப்புக்குறியின்றித் தட்டினால், அக்கட்டளை எழுதப்பட்ட நிரலே திரையில் வந்து நிற்கும். தொடக்க மாணவனும் இதனைச் செய்து காணலாம்.

கணக்கைத் திறந்து காட்டுதலால் விளையும் பயனுக்குப் பொருளியலிலிருந்து ஒரு சான்று காட்டுவாம். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பேராசிரியர் இருவர் 2010ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு நாட்டின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைக் கடந்தால், வளர்ச்சி சராசரியாகச் சுழியத்திற்கும் கீழே 0.1 விழுக்காடாகும் என்றனர். பல நாட்டு அரசியலாளர் இதனை மேற்கோள் காட்டிச் செலவைக் குறைக்க வாதிட்டனர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், அவ்விடையை மீண்டும் கணக்கிட்டுப் பார்க்க, அஃது ஒவ்வவில்லை. ஆசிரியர் இருவரும் தம் கணக்குத் தாளை அவருக்கு அனுப்பினர். சராசரி காணுமிடத்து ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தமை அதிற் புலனாயிற்று. இதனோடு, சில ஆண்டுகளின் விவரம் விலக்கப்பட்டமையையும் நாடுகளுக்கு நிறை வகுத்த முறையையும் திருத்திக் கணக்கிட, 2.2 விழுக்காடு வளர்ச்சி என்று 2013ஆம் ஆண்டில் ஹெர்ண்டனும் அவர்தம் ஆசிரியர் இருவரும் காட்டினர். தம் கணக்கையும் ஆர் மொழியில் எழுதி யாவரும் காண வெளியிட்டனர். கணக்குத் தாள் மாணவர் கைக்கு வந்திராவிடின் பிழை மறைந்தே கிடந்திருக்கும். அதனை அனுப்பிய பேராசிரியர்தம் பண்பும் பாராட்டற்குரியதே.

திறந்த நிரல் எல்லாம் திருத்தமான நிரல் என்று யாம் கூறவில்லை. ஆர் மொழியைத் திறந்தவுடனே, இதற்கு யாதோர் உத்தரவாதமும் இல்லை என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றுகின்றது. பலர் படிக்கலாம் என்பதனால் எவரேனும் படித்திருப்பர் என்பது பெறப்படாது. மேலும், நிரல் திறந்திருந்தும் விவரம் மூடியிருத்தல் உண்டு. புலி உலவும் இடத்தை வெளியிட்டால் வேட்டைக் கள்வர்க்கு வழிகாட்டியதாக முடியுமாதலின், அவ்விவரத்தை முழுதும் வெளியிடாமைக்கு நியாயம் உண்டு. அவ்விடத்து, தக்கார் சிலரேனும் மூலப் படங்களைக் கண்டு சோதிக்க ஏற்பாடு வேண்டும். இன்றேல் சரிஸ்காவிற் கண்ட பழைய குறை புதிய உருவில் திரும்பும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, நிபந்தனை பொருந்தாவிடத்துக் கணக்கைப் பொருத்தினால், எத்துணைச் சிறந்த பொதியும் பிழைபட்ட விடையையே தரும். மறுகால் பாயும் கண்மாயில் மீனெண்ணப் புகுந்தவனை எந்த மென்பொருளும் தடுத்து நிறுத்தாது.

திருமறையில் அப்போஸ்தலர் நடபடிகளைப் பயின்றோர் பெரோயா பட்டணத்தாரை அறிவர். பவுலடிகளே வந்து உரைத்தபொழுதும், அவர்கள் மனவிருப்பத்தோடு கேட்டு, பின்னர் அவ்வுரை மெய்தானோ என்று நாள்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அதன்பொருட்டு அவர்கள் கடிந்துரைக்கப்படவில்லை; நற்குணமுடையோர் என்றே போற்றப்பட்டார்கள். சோதித்தல் அவமதிப்பாகாது என்பதும், சோதிக்க இடந்தருதல் உரைப்போன் கடமை என்பதும் இதனாற் பெறப்படும்.

நம் கல்லூரியிற் புள்ளியியல் பயில்வார் மட்டுமேயன்றி, தமிழும் வரலாறும் பயில்வாரும் இக்கருவியைக் கற்றல் நன்று. தமிழெழுத்தும் அதனுள் இயங்கும். ஒரு நூலில் ஒரு சொல் எத்துணை முறை பயின்று வந்தது என எண்ணி, அதனைக் கொண்டு காலமோ ஆசிரியரோ துணிவார், எண்ணிய வழியையும் உடன் வைத்தல் வேண்டும். தொடங்குவார் முதலில் மேற்கூறிய கண்மாய்க் கணக்கையே எழுதிப் பார்ப்பாராக. விடை வந்ததும், அந்நிரலைப் பக்கத்திலிருக்கும் நண்பர் கையில் கொடுத்து, பிழை இருப்பின் காட்டுமாறு கேட்பாராக.