தட்டானின் விலாத்தகடு

சென்ற விடுமுறையில் இளையாத்தங்குடிக்குச் சென்றிருந்தபோது, அவ்வூர்க் கண்மாய்க்கரையில் சிறுவர் சிலர் தட்டானின் வாலில் நூல் கட்டி, அதனைச் சிறுகல் தூக்கச் செய்து மகிழ்ந்திருக்கக் கண்டோம். நாமும் இளமையில் அவ்விளையாட்டை ஆடியவரே. இச்சிற்றுயிர்க்கு அத்துணை ஆற்றல் எங்ஙனம் வந்ததென அன்று கேட்டிலேம். அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

பூச்சி, இறால், நண்டு, பூரான் ஆகியவை கணுக்காலிகள் எனப்படும். இவற்றிற்கு உள்ளெலும்பு இல்லை. புறத்தோலே தடித்துக் கவசமாய் நின்று எலும்பின் தொழிலையும் செய்கின்றது. உடல் பல வளையங்களால் ஆயது. வளையத்தின் மேலே முதுகுத்தகடும், கீழே அடித்தகடும், இருமருங்கும் விலாவும் உள. இறாலின் விலா முதுகோட்டின் தொடர்ச்சியாய்த் தொங்கி, நீந்துகால்களின் அடியை மறைக்கும்.

சிறகுடைய பூச்சியின் மார்பிலோ விலா உறுதியான தகடாகும். காலின் அடிமுதல் சிறகின் அடிவரை அதில் ஒரு பொருத்துவாய் ஓடும். அஃது உட்புறம் மேடாகித் தூண்போல் தகட்டைத் தாங்கும். ஏற்றத்தின் துலாவிற்குக் கால் எங்ஙனமோ, அங்ஙனமே அதன் மேல்முனை சிறகிற்கு ஊன்றுகோலாம்.

தட்டானில் இத்தகடுகள் மிகப் பெருத்துப் பின்னோக்கிச் சாய்ந்துள்ளன. அதனால் சிறகுகள் பின்னும், கால்கள் முன்னும் தள்ளப்பட்டன. முள் நிறைந்த அக்கால்கள் கூடைபோற் குவிந்து, பறக்கும் கொசுவையும் ஈயையும் பற்றுகின்றன. பூச்சிகள் பலவற்றில் தசைகள் முதுகுத்தகட்டை அசைக்க, அதனாற் சிறகு அசையும். தட்டானிலோ தசைகள் சிறகடியையே நேராகப் பற்றி இழுக்கும். கல்லைத் தூக்கியது இவ்வமைப்பே.

இத்தகடு பண்டைக் காலின் அடிக்கணுவே உடலோடு ஒன்றியதால் தோன்றியதென 1899-இல் ஹெய்மன்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கருதினார். 2020-இல் புரூஸ், பட்டேல் என்னும் இருவர் இறாலினத்துச் சிற்றுயிரொன்றின் மரபணுக்களை ஆராய்ந்து, அக்கருத்திற்கு வலுவூட்டினர்.

இனி, நாம் வாலென்று நூல் கட்டுவது வாலன்று, தட்டானின் வயிறே. அங்கே விலா தகடாகாது மெல்லிய சவ்வாய் நிற்கின்றது. மூச்சுத்துளைகள் அமைந்ததும், மூச்சு வாங்குங்கால் விரிந்து சுருங்குவதும் அவ்விடமே. மார்பில் கவசமாக அமைத்த விலாவை வயிற்றில் மென்மையாக அமைத்தார் படைத்தவர். அம்மென்மையின் மீதே நாம் முடிச்சிட்டோம்!

இதனை அச்சிறுவர்க்கு எடுத்துரைத்தோம். அவருள் ஒருவன் யாதும் பேசாது நூலை அவிழ்த்துவிட்டான்.