செல்போன் விளையாட்டும் பிள்ளைகளின் நாவும்

பருவமழைக்காகக் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் நாட்களில், நம் நீலகிரி வீடுகளில் பிள்ளைகளுக்குத் துணை செல்போன்தான். அதில் அவர்கள் ஆடும் விளையாட்டைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியதைச் சுருக்கமாகத் தருகிறோம்.

பப்ஜி விளையாட்டில் நூறு பேர் ஒரு தீவில் இறங்கி ஒருவரையொருவர் சுடுவார்கள். கடைசிவரை மிஞ்சுபவரே வென்றவர். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு இதைத் தடை செய்தது. வன்முறைக்காக அல்ல, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டித்தான். தடைக்குப் பிறகும் பலர் குறுக்கு வழியில் ஆடினார்கள். அதை யூடியூபில் நேரலையாகக் காட்டி வந்த ‘பப்ஜி மதன்’ என்பவர், பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் 2021 ஜூன் 18 அன்று தருமபுரியில் கைதானார். அவருடைய சேனலைப் பின்தொடர்ந்தவர்கள் லட்சக்கணக்கானோர். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

பப்ஜியில் பெண் உருவத்துக்கும் ஆண் உருவத்துக்கும் பலம் ஒன்றே. அப்படியானால் வசை எங்கிருந்து வந்தது? ஆடுபவர்களின் வாயிலிருந்து. மைக்கில் பெண் குரல் கேட்டதும் கேலி தொடங்கிவிடுகிறது. அதனால் பெண் பிள்ளைகள் பலர் மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயரில் ஆடுகிறார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். வீடியோ விளையாட்டுகளில் பெண்களைக் காட்டும் விதத்தை விமர்சித்த அனிதா சர்கீசியன், துப்பாக்கிச்சூட்டு மிரட்டலால் 2014-ல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழக உரையையே ரத்து செய்ய நேர்ந்தது.

சுடும் விளையாட்டு ஆடுபவன் நிஜத்திலும் வன்முறையில் இறங்குவான் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என 2020-ல் அமெரிக்க உளவியல் சங்கம் அறிவித்தது. ஆனால் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு இருப்பதாகவும் அதே சங்கம் கூறியது. ஆகவே நாம் முதலில் கவனிக்க வேண்டியது பிள்ளையின் பேச்சை.

செய்ய வேண்டியவை:

1. ஹெட்போன் இல்லாமல், எல்லோரும் இருக்கும் அறையில் ஆடச் சொல்லுங்கள்.

2. யாருடைய வீடியோக்களைப் பார்க்கிறார்கள் என்று கேட்டறியுங்கள்.

3. மகன் வசைச்சொல் பேசினால், ‘ஆம்பளப் பிள்ளைதானே’ என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் அவனுடைய உம்மாவிடம் நாம் பேசும் தொனியையும் அவன் கேட்கிறான்.

4. மகள் தொல்லைக்கு ஆளானால், அவளைத் திட்டி போனைப் பிடுங்காதீர்கள். அடுத்த முறை சொல்லமாட்டாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1098 அல்லது 181-ஐ அழையுங்கள்.

நாவைப் பேணுவதை மக்தபில் முதல் பாடமாகவே சொல்லித் தருகிறோம். செல்போனைக் கையில் எடுத்த பிறகும் அந்தப் பாடம் நிலைக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.