சம்பளம் வேறு, செலவுப் பணம் வேறு

நம்மில் பலர் கடையையும் பார்த்துக்கொண்டு பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, நலன்புரிச் சங்கம் என்று ஏதாவதொரு பொறுப்பிலும் இருக்கிறோம். கடைக் கணக்கில் காட்டும் கவனத்தை அங்கேயும் காட்டுகிறோமா?

நான் அங்கம் வகித்த ஒரு சங்கத்தின் பொருளாளர் பல வருடங்கள் தன் கைக்காசிலேயே ஓடித்திரிந்தார். பெற்றோலுக்குக்கூட ஒரு சதம் கேட்கவில்லை. அவரது வியாபாரம் நொடித்த வருடம், சங்க வேலையாகக் கொழும்புக்குப் போன வேன் கூலியைச் சங்கப் பணத்தில் எடுத்தார். தீர்மானமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. பொதுக்கூட்டத்தில் கேள்வி எழுந்தது. மனிதர் அன்றோடு ஒதுங்கிவிட்டார். அவர் களவெடுத்தவரல்லர், எழுதி வைக்காதவர்.

சங்க வேலைக்கு நாம் போட்ட பணம் திரும்பி வருவது செலவு மீளளிப்பு. நமது நேரத்துக்கும் உழைப்புக்கும் வாங்குவது சம்பளம். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. முறையாகச் செய்த செலவைத் திரும்பப் பெற நம்பிக்கைப் பொறுப்பாளருக்கு உரிமை உண்டு. உறுதியில் இடமிருந்தாலன்றி, உழைப்புக்குக் கூலி கேட்கும் உரிமை பொதுவாக இல்லை.

உமர் (ரழி) அவர்கள் கைபர் காணியை வக்பு செய்தபோது, அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம், செல்வம் சேர்க்கக் கூடாது என்றே நிபந்தனையிட்டார்கள். ஆகவே வாங்குவது குற்றமல்ல. அளவு மீறுவதே குற்றம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை:

1. எந்தச் செலவுக்கு, எவ்வளவு வரை என்பதை முன்கூட்டியே தீர்மானமாக எழுதுங்கள்.

2. முற்பணத்தைக் குறித்த நாளுக்குள் தீருங்கள். 5,000 ரூபா எடுத்து 3,850 செலவானால், பற்றுச்சீட்டுகளோடு 1,150 ரூபாவும் திரும்பி வர வேண்டும்.

3. தன் வவுச்சரைத் தானே அனுமதிக்கக் கூடாது. இன்னொருவர் கையொப்பமிடட்டும்.

4. உறுப்பினருக்குச் சம்பளம் கொடுப்பதானால் யாப்பில் இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது பேசப்படும்போது அவர் கூட்டத்தில் இருக்கக் கூடாது.

5. உறுப்பினரின் கடையிலிருந்து சீமெந்து வாங்குவதும் அவருக்கு வருமானமே. வேறு இரு கடைகளின் விலையையும் எடுத்து ஒப்பிட்டுக் கோவையில் வையுங்கள்.

"எனக்கு வேண்டாம்" என்பவரும் செலவை எழுதிக் கொடுத்துவிட்டு, அதை நன்கொடையாகப் பதியட்டும். அப்போதுதான் சங்கத்தை நடத்த உண்மையில் எவ்வளவு செல்கிறது என்பது தெரியும். வசதி குறைந்த நல்ல மனிதரும் கூச்சமின்றிப் பொறுப்புக்கு வருவார். இல்லாவிட்டால் பதவிகள் பணக்காரருக்கு மட்டுமே என்றாகிவிடும்.