கோணலைத் திருத்தும் முன்: நடை பார்க்கக் கற்கும் பிள்ளைகளுக்கு

பாகான் டத்தோ பக்கம் பிசியோதெரபி வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! உங்களிடம் வரும் பெரியவர்களில் பலர் காலை நம்பிப் பிழைத்தவர்கள். விடியுமுன் பால்மரக் காட்டில் இறங்கியவர்கள், தேங்காய் சுமந்தவர்கள், செம்பனைக் குலை தள்ளியவர்கள். அவர்கள் நடையில் கோணல் தெரிந்ததும் திருத்தக் கை பரபரக்கும். பொறுங்கள். பல நேரம் அந்தக் கோணல், விழாமல் இருக்க உடம்பு தானே கண்டுபிடித்த வழி. அது எதற்கு என்று தெரிந்த பிறகே கை வையுங்கள்.

1. நல்ல நடையை முதலில் கண்ணில் ஏற்றுங்கள். ஊத்தான் மெலிந்தாங் சந்தையிலோ கோயில் வாசலிலோ நின்று, நலமாக நடப்பவர்களைப் பாருங்கள். ஒரு குதிகால் தரையைத் தொட்டது முதல் அதே குதிகால் மறுபடி தொடும்வரை ஒரு சுற்று. அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு கால் தரையில் ஊன்றியிருக்கும். 40 விழுக்காடு காற்றில் வீசும். இரண்டு காலும் சேர்ந்து ஊன்றும் நேரம் சுற்றுக்கு இரண்டு முறை வரும், ஒவ்வொன்றும் 10 விழுக்காடு அளவில். வேகம் கூடினால் அது சுருங்கும். ஓடும்போது இல்லாமலே போகும். தயங்கி நடப்பவரிடம் நீளும்.

2. ஒரு நேரத்தில் ஒரு மூட்டை மட்டும் பாருங்கள். அமெரிக்காவின் ராஞ்சோ லோஸ் அமிகோஸ் மருத்துவமனையில் போலியோ நோயாளிகளோடு உழைத்த டாக்டர் ஜாக்குலின் பெர்ரி நம்மைப்போல் பிசியோவாகத் தொடங்கி எலும்பு அறுவை மருத்துவரானவர். அவரும் அவர் குழுவினரும் வகுத்த நடைச் சுற்றின் எட்டுக் கட்டங்களை மனப்பாடம் செய்யுங்கள். வீசும் காலில் முழங்கால் 60 பாகை வரை மடங்க வேண்டும். உடல் முன்னே நகர, ஊன்றிய காலின் இடுப்பு பின்னுக்கு நீள வேண்டும். கணுக்கால் 10 பாகையளவு மேலே மடங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் இவை தெரியும். இடுப்புச் சரிவும் அடி அகலமும் தெரிய முன்னும் பின்னும் நின்று பார்க்க வேண்டும்.

3. பெயர் கூப்பிட்டதும் எழுந்து வருவதைப் பாருங்கள். "நடந்து காட்டுங்க ஐயா" என்று சொன்ன அந்த நொடியில் நடை மாறிவிடும். நாற்காலியிலிருந்து எழுவது, முதல் அடி, திரும்புவது ஆகியவற்றில்தான் உண்மை இருக்கிறது.

4. உடையையும் செருப்பையும் கணக்கில் எடுங்கள். சேலையும் கைலியும் அடியைக் குட்டையாக்கும். சிலிப்பர் கழன்றுவிடாமலிருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும். வெறுங்காலோடு ஒரு முறை, வழக்கமான செருப்போடு ஒரு முறை நடக்கச் சொல்லுங்கள். முழங்கால் தெரிய வேண்டுமென்றால் அனுமதி கேளுங்கள். அம்மாமார்களுக்குத் துணைக்கு ஒரு பெண்ணை வையுங்கள். கைப்பேசியில் படம் பிடிப்பதற்கும் சம்மதம் வேண்டும்.

5. வலி எந்தக் காலில் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். வலிக்கிற காலில் ஒருவர் குறைந்த நேரமே நிற்பார். அதனால் நல்ல கால்தான் அவசரமாக, குட்டையாக இறங்கும். பார்க்கிறவர் கண் அந்த நல்ல காலிலேயே நிற்கும்.

6. இடுப்புச் சரிவைப் புரிந்துகொள்ளுங்கள். வலது காலில் நிற்கும்போது இடுப்பின் இடப்பக்கம் இறங்கினால், பலவீனம் வலது இடுப்புத் தசையில். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895இல் எழுதியது இதைத்தான். சிலர் அந்தச் சரிவைத் தடுக்க உடம்பையே வலப்பக்கம் சாய்ப்பார்கள். கைத்தடியை நோகும் இடுப்புக்கு எதிர்க் கையில் கொடுங்கள். தசையின் சுமை குறையும், சாய்வும் குறையும். பலர் நோகும் பக்கத்திலேயே பிடித்து வருவார்கள். அன்போடு மாற்றிக் கொடுங்கள்.

7. உடம்பின் உபாயத்தைப் பறிக்காதீர்கள். நம் நாடு அடங்கிய மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் போலியோ ஒழிந்ததாக 2000இல்தான் அறிவித்தார்கள். அதனால் சிறுவயதில் அந்நோய் கண்டவர் இன்றும் உங்களிடம் வரலாம். அவர் தொடையைக் கையால் அழுத்தி நடப்பார். அந்தக் கைதான் அவர் முழங்காலை மடங்காமல் பிடித்திருக்கிறது. கையை எடுக்கச் சொன்னால் விழுவார். பக்கவாதம் வந்தவர் காலை அரைவட்டமாக வீசுவது, முழங்கால் மடங்காததாலோ பாதம் தூக்காததாலோ இருக்கலாம். எது என்று கையால் சோதித்து அறியுங்கள். "நேரா நடங்க" என்பது சிகிச்சை ஆகாது.

8. இனிப்பு நீர் உள்ளவரின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. உணர்வு மங்கிய பாதம் தரையை அறியாது. காலை அகட்டி வைத்து, குனிந்து பார்த்தே நடப்பார்கள். இருட்டில் எப்படி நடக்கிறார்கள் என்று கேளுங்கள். பத்து கிராம் நைலான் இழையால் உணர்வைச் சோதியுங்கள். புண் இருந்தால் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள்.

9. கண்டதை எண்ணால் எழுதுங்கள். பத்து மீட்டர் தரை போதும்: இரு முனையிலும் 2 மீட்டரை விட்டுவிட்டு, நடு 6 மீட்டருக்கு நேரம் பிடியுங்கள். 5 நொடி ஆனால் நொடிக்கு 1.2 மீட்டர். அடுத்த மாதம் அதே தரையில், அதே செருப்போடு மறுபடி பாருங்கள். "தேவலை" என்ற சொல் அடுத்து வரும் பிசியோவுக்கு உதவாது, எண் உதவும். எழுபது வயதுப் பாட்டியை இருபது வயதுக்காரர் அளவோடு ஒப்பிடவும் கூடாது. மெதுவாக நடந்தாலே எல்லா மூட்டின் அசைவும் குறையும்.

10. அவர் நடக்க வேண்டிய இடத்தைக் கேளுங்கள். தெலுக் இந்தான் மருத்துவமனையின் வழவழப்பான தரையில் நன்றாக நடப்பவர், வீட்டுக்கு முன்னால் வாய்க்கால்மேல் போட்ட ஒற்றைப் பலகையைக் கடக்க முடியாமல் நிற்கலாம். மழையில் ஊறிய தோட்ட மண்ணில் பாதம் புதையும். பலகையைக் கடப்பதும், பஸ்ஸில் ஏறுவதும், கோயிலைச் சுற்றி வருவதும்தான் அவர் கேட்கும் நடை. நடை அழகாக வேண்டும் என்று அவர் உங்களிடம் வரவில்லை. போக வேண்டிய இடத்துக்கு விழாமல், வலியில்லாமல், பிறர் கையை எதிர்பாராமல் போய்ச் சேர வேண்டும் என்றே வந்திருக்கிறார். சற்றுக் கோணலோடு அது நடந்தாலும், உங்கள் வேலை நல்ல வேலைதான்.