ஓக் காட்டுக்கு மட்குரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கலிஃபோர்னியாவின் பெரும்பாலான ஊர்களில் உணவுக் கழிவைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே பிரித்துத் தர வேண்டும் என்ற சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேனைக் கிளப்பும் இந்தக் கழிவு, முறையாக மட்கினால் உரமாகிறது. அந்த மாநிலத்துக்கே உரிய ஓக் காடுகளை மீட்கவும் அது பயன்படும். எங்கே, எவ்வளவு, எப்படி இடுவது என்பதில்தான் தவறான எண்ணங்கள் பல.

நம்பிக்கை: காய்கறிக் கழிவை நேரே கன்றின் அடியில் கொட்டினால் போதும்.

உண்மை: பச்சைக் கழிவு எலிகளை வரவழைக்கும், அதிலுள்ள தக்காளி, பூசணி விதைகள் முளைத்துவிடும். நீள்குவியலாக மட்கவைக்கும் கூடங்களில் 15 நாள் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு நிற்க வேண்டும். அதற்குள் 5 முறையாவது கிளற வேண்டும் என்பது விதி. நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் சாகின்றன.

நம்பிக்கை: உரம் கூடக் கூட ஓக் வேகமாக வளரும்.

உண்மை: கூடுதல் தழைச்சத்து முதலில் போய்ச் சேர்வது, ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய காட்டு ஓட்ஸ் போன்ற புற்களுக்கு. அவை வசந்தத்திலேயே மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிட, மழையில்லாத கோடையில் கன்று வாடுகிறது. முதல் சில ஆண்டுகள் கன்றைச் சுற்றி ஏறக்குறைய 1.2 மீட்டர் அகல வட்டத்தில் புல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: குழி நிறைய உரம் போட்டு நட வேண்டும்.

உண்மை: முளைக்கத் தேவையான உணவு ஓக் கொட்டைக்குள்ளேயே இருக்கிறது. தண்டு தலைகாட்டும் முன்பே ஆணிவேர் கீழே இறங்கிவிடும். குழியில் போட்ட உரம் மட்க மட்க மண் தாழ்ந்து, தண்டைச் சுற்றி நீர் தேங்கும். உரத்தை மேலே மூடாக்காகப் பரப்புவதே நல்லது. அதுவும் தண்டைத் தொடாமல்.

நம்பிக்கை: முதிர்ந்த மரத்தடியில் உரத்தைக் குவித்தால் மரம் தெம்பாகும்.

உண்மை: கலிஃபோர்னிய ஓக் வறண்ட கோடைக்குப் பழகியது. அடிப்பட்டை ஓயாமல் ஈரமாக இருந்தால் ஃபைட்டோப்தோரா வேரழுகல் நோய்க்கு வழி பிறக்கும்.

நம்பிக்கை: உரமிட்டால் காடு தானே திரும்பும்.

உண்மை: மேல்மண் போய், வண்டி ஏறி இறுகிய நிலத்தில்தான் உரத்தின் உதவி பெரிது. மற்ற இடங்களில் கொட்டைகளை அக்கம்பக்கத்து மரங்களிலிருந்தே திரட்டி, உலரவிடாமல் காத்து, தண்ணீரில் மிதப்பவற்றைக் கழித்து நடுவதே முதல் வேலை. கோஃபர் எலி வேரைக் கடிக்காமல் கம்பிவலையும், மான், மாடு மேயாமல் காப்புறையும் தேவை. இவை இல்லாத நிலத்தில் எத்தனை வண்டி உரம் கொட்டினாலும் வளர்வது புல்தான்.