பாய் கட்டுவதற்கு முன்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று கொல்லையில் பாயை விரித்துப் போட்டு உப்புப் போக நல்ல தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கோடை முடிந்துவிட்டது. இனி மே மாதம் வரை படகுக்கு ஓய்வு. “எவ்வளவு வேகம் போகும், எனக்கும் கற்றுத் தருவீர்களா?” என்று கேட்டிருக்கிறாய். நல்ல காற்றில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் போகும். கற்றுத் தருவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ ‘கட்டுமரப் போட்டி’ என்று எழுதியிருந்தாய். பெயர் நம்முடையதுதான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். ஆனால் நான் ஓட்டுவது நம் கட்டுமரம் அல்ல. நம்முடையது மரத்துண்டுகளை அருகருகே வைத்துக் கயிற்றால் வரிந்தது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடுவார்கள். கேட்டமரன் என்று இன்று சொல்வதற்கு இரண்டு மெலிந்த உடல்கள், அவற்றை இணைக்கும் சட்டம், நடுவே வலைத்துணி. அந்த இரட்டை உடல் பசிபிக் தீவுக்காரர்களின் வழி. பெயர் ஓரிடத்திலிருந்தும் உருவம் வேறிடத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆனாலும் இரண்டுக்கும் உறவு உண்டு என்றே நினைக்கிறேன். என் படகு ஹோபி 16. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர், துறைமுகம் இல்லாத மணற்கரையிலிருந்து அலையை உடைத்துக்கொண்டு போக ஒரு படகு வேண்டும் என்று 1960-களின் கடைசியில் இந்த வகைப் படகுகளைச் செய்தார். நம் மீனவர்களுக்கும் அதே தேவைதான் இருந்தது. மேலே விழுந்த அலை மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிப் போகும். என் படகில் வலைத்துணி வழியாக இறங்கிப் போகிறது. இரண்டிலும் தண்ணீர் மொள்ள வேண்டியதில்லை.

இதன் வேகம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒற்றை உடல் கொண்ட பெரிய பாய்மரப் படகு கவிழாமலிருக்க அடியில் ஈயமோ இரும்போ சுமக்கும். இது 2.4 மீட்டர் அகலத்தில் காலை விரித்து நிற்பதால் அந்தப் பாரம் வேண்டாம். ஐந்து மீட்டர் நீளப் படகின் எடை 145 கிலோதான். உடல் ஒல்லியாக இருப்பதால் தண்ணீரைப் பெரிதாகத் தள்ளிக் கொந்தளிக்க வைப்பதும் இல்லை. காற்றுப்பக்கத்து உடல் தண்ணீரை விட்டு எழும்பும். அப்போது இடுப்பில் கட்டிய வாரைப் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் மாட்டிக்கொண்டு, நானும் என்னோடு ஓட்டுபவரும் படகுக்கு வெளியே கடலுக்கு மேல் நிற்போம். நீ படத்தில் பார்த்தது அதைத்தான்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அடியில் பாரம் உள்ள படகு கவிழ்ந்தால் தன் பாரத்தால் தானே எழும். இது தலைகீழானால் அப்படியே நிம்மதியாகக் கிடக்கும். ஆகவே முதல் பாடம் கவிழ்ந்த படகை நிமிர்த்துவது. படகை விட்டு ஒருபோதும் நீந்திப் போகாதே; கரை அருகில் தெரிந்தாலும் போகாதே. பாய்க் கயிற்றைப் பூட்டிலிருந்து விடுவி. படகின் முன்பக்கமான அணியம் காற்றை நோக்கித் திரும்பும்வரை காத்திரு. கீழே கிடக்கும் உடலின் மேல் ஏறி நின்று, நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முழு எடையோடு பின்னால் சாய். பாயின் அடியில் காற்று புகுந்ததும் அதுவே தூக்கிவிடும். இதைப் பத்து முறை செய்து பழகாதவரைப் போட்டிப் பக்கமே நான் அழைத்துப் போக மாட்டேன்.

போட்டி என்றதும் டெக்ஸல் ஞாபகம் வருகிறது. நெதர்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் தீவு அது. 1978 முதல் அதைச் சுற்றி கேட்டமரன் போட்டி நடக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மேற்கே வட கடலின் அலை. கிழக்கே வாடன் கடல் என்ற ஆழமற்ற பரப்பு. வற்றும்போது சேற்றுத் திடல்கள் வெளியே தெரியும். தெற்கே மார்ஸ்டீப் என்ற இடுக்கு வழியாக ஒவ்வோர் ஓதத்துக்கும் கடல் உள்ளே பாய்ந்து வெளியேறும். அங்கே நேரம் தவறிப் போனால் பாய் நிறையக் காற்று இருந்தும் கரை நகராது. எத்தனை மணிக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற ஓதப் பட்டியலை முந்திய இரவு மனப்பாடம் செய்துவிட்டுத்தான் படுப்போம்.

மூன்று வருடத்துக்கு முன் வடக்கு முனையின் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் எங்கள் பாய்மரம் விழுந்தது. காற்று அதிகமில்லை. மரத்தைத் தாங்கும் கம்பியை ஓர் ஆணி பிடித்திருக்கும். அந்த ஆணி கழலாமலிருக்க விரல் மோதிரத்தைவிடச் சின்னதாக ஒரு கம்பி வளையம் இருக்கும். அந்த வளையத்தின் மேல் டேப் சுற்ற வேண்டும். முந்திய நாள் மாலை ஊர் சுற்றும் ஆசையில் நான் சுற்றவில்லை. ஏதோ ஒரு கயிறு உரசி அதை இழுத்துவிட்டிருக்கிறது. என்னோடு ஓட்டுபவர் ஒரு தச்சர், அறுபதை நெருங்குகிறவர். அவர் கோபப்படவில்லை. கரைக்கு இழுத்து வந்தபின், டேப் சுருளை என் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போனார். அந்தச் சுருளை இன்றும் வைத்திருக்கிறேன். இந்த ஜூனில் சுற்றை முடித்தோம். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எத்தனையாவது இடம் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொள்.

ஜூலையில் இத்தாலியின் கார்டா ஏரிக்குப் போனோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், வண்டிக்குப் பின்னால் படகு. 80, 90-ஐத் தாண்டக் கூடாது. அத்தை புளியோதரை கட்டிக் கொடுத்தாள். ஆல்ப்ஸ் மலை தாண்டும்வரை கெடவில்லை. அந்த ஏரியில் காலையில் வடக்கிலிருந்து பெலேர் என்ற காற்று இறங்கும். பிற்பகலில் தெற்கிலிருந்து ஓரா என்ற காற்று ஏறும். மலைச்சரிவும் நிலமும் வெயிலில் சூடாவதும் இரவில் ஆறுவதும்தான் காரணம். தெளிந்த கோடை நாட்களில் ஊர்க்காரர்கள் அதை நம்பி வேலையையே ஒழுங்கு செய்துகொள்கிறார்கள்.

மற்ற நாட்களில் அலுவலகம்தான். வியாழன் மாலை எங்கள் படகு மன்றத்தில் சின்னப் போட்டி நடக்கும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் முடிகிறது. நனைந்த உடை குளியலறையில் தொங்கும், படுக்கையில் மணல் இருக்கும். டெக்ஸலில் ஆறு மணி நேரம் தாக்குப் பிடித்தது இந்த வியாழக்கிழமைகளால்தான். யாரும் பார்க்காத ஒரு மாலையில், காற்று செத்துக் கிடக்கும்போது, தண்ணீரின் மேல் கருத்த சிலிர்ப்பு ஓடுவதைப் பார்த்து “அதோ வருகிறது” என்று சொல்லத் தெரிந்தால், அதுதான் தேர்ச்சி.

உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். சைக்கிள் மிதிக்கும்போது காற்றில்லாத நாளிலும் முகத்தில் காற்று அடிக்கிறது அல்லவா? படகும் அப்படித் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதனால்தான் காற்று போகும் திசையிலேயே போக வேண்டியிருந்தாலும் நாங்கள் நேரே போவதில்லை. சாய்வாக இப்படியும் அப்படியும் வெட்டிப் போவோம். தூரம் கூடும், ஆனாலும் முன்னால் போய்ச் சேர்வோம். இதைத் தாளில் வரைந்து பார்.

இது உன்னால் முடியாத காரியம் அல்ல. உன் ஊரிலேயே 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர். படகு கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நம் மீனவர்கள் காற்றுக்குத் திசைப்படி பெயர் வைத்திருக்கிறார்கள். பெசன்ட் நகர் கரையில் வலை பழுதுபார்க்கும் பெரியவர்களிடம் மரியாதையாகப் போய்க் கேள்; இன்று அடிப்பது எது என்று.

டிசம்பரில் வருகிறேன். அதற்குள் ஒரு நோட்டு வாங்கி, நாள்தோறும் கடல்காற்று எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அப்போது மேகம் எப்படி இருந்தது என்று எழுதி வை. மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் அது தாமதமாக வரும். ஏன் என்று நீயே கண்டுபிடி. வாடைப் பருவம் தொடங்கியபின் என்ன மாறுகிறது என்பதையும் குறித்து வை. பார்க்காத நாளை வெறுமையாக விடு, ஊகித்து நிரப்பாதே. நான் வந்ததும் முதலில் அந்த நோட்டைக் காட்டு.

அன்புடன்,
மாமா